பி.இ. படித்தவர் எம்.ஏ. தமிழ் படிக்கக் கூடாதா? பல்கலைக்கழகக் கல்விக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கல்விக்குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கும் தமிழ்ப் பாடத்திட்டக் குழுவின் பேராசிரியர்களுக்கும்,

இந்தக் கல்வியாண்டின் முதுநிலைச் சேர்க்கை விதிகளில் ஒரே ஒரு வரியை மாற்றியிருக்கிறீர்கள். முதுகலைத் தமிழில் சேர இதுவரை ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் போதும், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்திருக்க வேண்டும் என்று இருந்தது. இனிமேல் தமிழை முதன்மைப் பாடமாகக் கொண்ட இளநிலைப் பட்டம் வேண்டுமாம். இணைவுக் கல்லூரிகளுக்குப் போன சுற்றறிக்கையில் காரணம் என்ற இடத்தில் 'கல்வித் தரம் கருதி' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. இந்த வரியால் இந்த ஆண்டு விண்ணப்பம் தள்ளுபடியானவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பழைய வரி இருந்ததால் உள்ளே வந்து படித்து முடித்தவள் நான். சும்மா இருக்க முடியவில்லை.

பல்கலைக்கழகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இது ஓர் ஊரோடு முடிகிற விஷயம் இல்லை என்பதுதான் காரணம். இங்கே முதன்மைப் பாடம் கேட்கிறார்கள். வேறிடத்தில் பட்டப் படிப்பின் 'பகுதி ஒன்று' என்னும் மொழிப் பாடத்தில் தமிழ் படித்திருக்க வேண்டும் என்கிறார்கள். பகுதி ஒன்று கேட்பது ஓரளவு நியாயமாகத் தோன்றும். ஆனால் பொறியியல் படிப்பில் பகுதி ஒன்று என்பதே கிடையாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று தலா ஒரு கிரெடிட்டுக்கு இரண்டு தாள்கள் வந்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் அந்த இரண்டு கிரெடிட்டைக் காட்டிப் பகுதி ஒன்று என்று எந்தச் சேர்க்கை மேசையில் வாதாடுவது? பி.காம். படித்து, மதிப்பெண் கூடும் என்று பகுதி ஒன்றில் பிரெஞ்சு எடுத்தவருக்கும் இதே கதிதான். ஆகவே, சேர்க்கை விதி எழுதும் இடத்தில் இருக்கும் எவரும் இந்த மடலைத் தமக்கு வந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம்.

நான் படித்தது பி.இ., மின்னணுவியல், தகவல் தொடர்பு. எங்கள் ஊர்ப்பக்கம் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு வந்தால் பொறியியல், உயிரியல் வந்தால் மருத்துவம், இரண்டும் வராதவர்களுக்குத்தான் மற்றதெல்லாம். எனக்குக் கணக்கு வந்தது. தமிழில் அதைவிட நன்றாக வந்தது. அதைப் பார்த்து எங்கள் தமிழய்யாவைத் தவிர வேறு யாரும் மகிழவில்லை. கலந்தாய்வு, கல்விக் கடன், வேலை என்று எல்லாம் வரிசையாக நடந்தன. கோயம்புத்தூரில் மோட்டார்களுக்குக் கட்டுப்பாட்டுப் பலகை செய்யும் நிறுவனத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடன் அடைந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு என்ன வேண்டும் என்று யோசிக்க எனக்கே வாய்ப்புக் கிடைத்தது. பதினேழு வயதில் வீட்டின் வருமானத்தையும் மதிப்பெண் பட்டியலையும் பார்த்து எடுக்கப்பட்ட ஒரு முடிவை வாழ்நாள் முழுவதற்குமான அறிவுத் தகுதி என்று எடுத்துக்கொள்ளும் விதி, வசதியான வீட்டுப் பிள்ளைகளை அதிகம் தொடுவதில்லை. அவர்கள் வெளிநாடு போய்ப் பாடம் மாற்றிக்கொள்கிறார்கள்.

தரம் என்று சொல்லியிருப்பதால் தரத்தைப் பற்றியே பேசுவோம். முதல் பருவத்தில் நான் தடுமாறியது உண்மை. பள்ளியில் படித்த யாப்பு, சீரும் தளையும் பிரிக்கும் அளவுக்குத்தான் இருந்தது. நன்னூல் நூற்பாக்களை வகுப்பில் மற்றவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையர் எழுதிய உரை முதன்முதலில் கையில் வந்தபோது அது தமிழா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது. எங்கள் துறையில் ஓர் அம்மா, வேற்றுப் பட்டத்திலிருந்து வந்த எங்களைச் சனிக்கிழமை காலைகளில் உட்கார வைத்து எழுத்ததிகாரத்தின் அடிப்படையையும் இலக்கிய வரலாற்றையும் நடத்தினார். இது பாடத்திட்டத்தில் இல்லை. அவருக்குத் தனிச் சம்பளமும் இல்லை. இரண்டாம் பருவம் முடிவதற்குள் எனக்கும் பி.ஏ. தமிழ் முடித்து வந்தவர்களுக்கும் இருந்த இடைவெளி பெரும்பாலும் மறைந்துவிட்டது. மூன்றாம் பருவத்தில் யார் எந்தப் பட்டத்திலிருந்து வந்தவர் என்று விடைத்தாளைத் திருத்தியவரால் சொல்லியிருக்க முடியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பி.ஏ. தமிழ் என்ற பெயர் ஒன்றுதானே தவிர, அதற்குள் இருக்கும் படிப்பு ஒன்றல்ல. தொல்காப்பிய மூலத்தை உரையோடு படித்து வந்தவர்களும் எங்கள் வகுப்பில் இருந்தார்கள், கையேட்டைத் தாண்டாதவர்களும் இருந்தார்கள். விதி அவர்களை ஒரே வரியில் உள்ளே விட்டது. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பட்டத்தின் பெயர் தரத்துக்கு உத்தரவாதம் ஆகாது என்பதைத்தான் சொல்கிறேன்.

பொறியியலிலிருந்து நான் வெறுங்கையோடும் வரவில்லை. ஆய்வேட்டுக்குக் குறுந்தொகையை எடுத்துக்கொண்டேன். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பை எடுத்து, சொற்களைப் பிரித்து எண்ண ஒரு நிரல் எழுதினேன். நிரல் எழுதத் தெரிந்தவருக்கு இது ஒரு வார வேலை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் நிரல் ஒவ்வோர் அடியிலும் சறுக்கியது. குற்றியலுகரம் கெட்டு உயிரேறும் இடம், மெய் இரட்டிக்கும் இடம், மகரம் கெடும் இடம் என்று வருமொழியும் நிலைமொழியும் சேர்ந்துகொள்ளும் இடமெல்லாம் அது தப்பாகவே வெட்டியது. அதைத் திருத்த எனக்கு வேண்டியிருந்தது புதிய மென்பொருள் அல்ல, நன்னூலின் புணர்ச்சி விதிகள். உயிரீற்றுப் புணரியலையும் மெய்யீற்றுப் புணரியலையும் நான் தேர்வுக்காகப் படித்ததைவிட அந்த நிரலுக்காகப் படித்ததுதான் அதிகம். சனிக்கிழமை வகுப்பு நடத்திய அம்மா பிற்பாடு அந்தப் பட்டியலைத் தன் இளநிலை வகுப்பில் புணர்ச்சிக்கு எடுத்துக்காட்டாகக் காட்டினார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமையும் உண்டுதான்.

இப்படி நடப்பது எனக்கு மட்டும் அல்ல. இன்று உங்கள் துறை மாணவர்கள் எல்லோரும் பதிவிறக்கிப் படிக்கும் மதுரைத் திட்டத்தை 1998 பொங்கலன்று தொடங்கியவர் கே. கல்யாணசுந்தரம்; சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியலாளர். சங்க இலக்கியத்தில் ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று பார்க்க நாம் எல்லோரும் திறக்கும் தொடரடைவை உருவாக்கிய ப. பாண்டியராஜா, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். தமிழாய்வு அன்றாடம் நிற்கும் இரண்டு தூண்கள் இவை. இரண்டையும் எழுப்பியவர்கள் 'முதன்மைப் பாடம் தமிழ்' என்ற கட்டத்துக்குள் இருந்து வரவில்லை.

இன்னும் பின்னால் போவோம். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியை நிறைவு செய்த வையாபுரிப் பிள்ளை, 1926இல் அதன் பதிப்பாசிரியர் ஆகும் வரை வழக்கறிஞர். பிறகு அதே பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறைத் தலைவர். அவருக்குப் பின் அந்தத் துறையை நடத்திய ரா.பி. சேதுப்பிள்ளையும் சட்டம் படித்து நெல்லையில் வழக்காடியவர். மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல் தொடங்கியபோது அதன் முதல் துணைவேந்தராக வந்த தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரும் சட்டம் படித்தவரே. அந்தக் காலத்தில் இளங்கலைத் தமிழ் இன்றுபோல் ஊருக்கு ஊர் இல்லை, வேறு வழியில்லாமல் அப்படி வந்தார்கள் என்று நீங்கள் சொல்லலாம். ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வேறு துறையிலிருந்து வந்ததால் அவர்களுடைய தமிழ் குறைந்தது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லையே. சட்டம் படித்தவரின் சான்று பார்க்கும் பழக்கம், ஒரு சொல்லின் வடிவத்தில் எத்தனை சுவடிகள் ஒத்துப்போகின்றன என்று பார்க்கும் பதிப்பு வேலைக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

தமிழுக்கு வெளியே வேண்டுமானால், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் 1976இல் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு, கலிபோர்னியாவில் உயிரியல் துறையில் மறுபடி மாணவராகச் சேர்ந்தார். 2009இல் வேதியியல் நோபல் பரிசு. ஆனால் மேதைகளை வைத்து விதி எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. விதி என்னைப் போன்ற நடுத்தர மாணவர்களுக்காகத்தான்.

இப்போது 2013க்கு வருகிறேன். அந்த ஆண்டு மார்ச் மாதம் ஒன்றியப் பணியாளர் தேர்வாணையம் வெளியிட்ட குடிமைப் பணித் தேர்வு அறிவிக்கை உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு மொழியின் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்க வேண்டுமானால் அந்த இலக்கியத்தைப் பட்டப் படிப்பில் முதன்மைப் பாடமாகப் படித்திருக்க வேண்டும் என்று அதில் ஒரு நிபந்தனை இருந்தது. தமிழ்நாடு கொதித்தது. இங்கே எதற்கும் ஒன்றுசேராத கட்சிகள் அதற்கு ஒன்றுசேர்ந்து எதிர்த்தன. நாடாளுமன்றத்தில் அமளி. அந்த மாதமே நிபந்தனை விலக்கிக்கொள்ளப்பட்டது. அன்று நாம் சொன்ன வாதம் என்ன? தமிழ் இலக்கியம் தமிழ் படித்த எல்லோருக்கும் சொந்தம், பொறியாளரும் மருத்துவரும் வேளாண் பட்டதாரியும் அதை எழுதத் தகுதி உள்ளவர்கள் என்பதுதான். இன்றும் அவர்கள் குறுந்தொகையும் சிலம்பும் கம்பனும் படித்து, இரண்டு தாள்களில் 500 மதிப்பெண்ணுக்குத் தமிழ் இலக்கியம் எழுதுகிறார்கள். அப்படித் தேறிய ஒரு பி.இ. பட்டதாரி உங்கள் மாவட்டத்துக்கே ஆட்சியராக வரலாம். அவரே உங்கள் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தமிழுக்கு விண்ணப்பித்தால் 'தகுதியில்லை' என்று திருப்பி அனுப்புவீர்கள். டெல்லி செய்தபோது தமிழுக்கு எதிரான சதி என்றோம். நாமே செய்தால் அதற்குப் பெயர் தரமா?

உள்ளே விட்ட பிறகு வெளியே நிறுத்துவதும் நடக்கிறது. அதுதான் எனக்கு நடந்தது. கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் தமிழில் தேர்ச்சி பெற்ற பிறகு, பக்கத்து மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் பணிக்கு விண்ணப்பித்தேன். சான்றிதழ் சரிபார்ப்பில் என் கோப்பைப் புரட்டிய அலுவலர் முதுகலை மதிப்பெண்ணைப் பார்த்தார், நெட் சான்றிதழைப் பார்த்தார், பிறகு பி.இ. பட்டத்தை வெளியே எடுத்துத் தனியாக வைத்தார்.

"என்னம்மா, யூஜி கிராஸ் மேஜரா இருக்கே?" இளநிலையும் முதுநிலையும் வேறு வேறு பாடம் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறையில் உதவிப் பேராசிரியர் பணிக்கு உரிய பாடத்திலோ தொடர்புடைய பாடத்திலோ 55 விழுக்காடு மதிப்பெண்ணோடு முதுநிலைப் பட்டமும் நெட் தேர்ச்சியும்தான் கேட்டிருக்கிறார்கள், இளநிலையில் என்ன பாடம் என்ற கேள்வியே அதில் இல்லை என்று எடுத்துச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "அது சரிம்மா. ஆனா நீங்க எதுக்கும் ஒரு இணைத்தன்மைச் சான்று வாங்கிட்டு வந்துடுங்க" என்றார். பி.இ. மின்னணுவியலும் பி.ஏ. தமிழும் சமம் என்று ஓர் இணைத்தன்மைச் சான்று! அப்படி ஒன்றை யார் கொடுப்பார்கள், எதை வைத்துக் கொடுப்பார்கள் என்று இருவருமே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் தேநீர்கூட வாங்கிக் கொடுத்தார். பணி கிடைக்கவில்லை.

பள்ளி ஆசிரியர் வட்டாரத்தில் சேம் மேஜர், கிராஸ் மேஜர் என்ற பேச்சு நெடுங்காலமாக உண்டு. கல்லூரிக்கு அது விதியில் இல்லாவிட்டாலும் பழக்கத்தில் வந்துவிட்டது. உங்கள் புதிய வரி அந்தப் பழக்கத்துக்கு முத்திரை குத்திக் கொடுக்கிறது. பல்கலைக்கழகமே முதன்மைப் பாடம் கேட்கிறது, நாங்கள் கேட்டால் என்ன என்று நாளை ஒவ்வொரு கல்லூரிச் செயலரும் சொல்வார். ஏற்கெனவே உங்களிடம் பட்டம் வாங்கி வெளியே நிற்கும் நாங்கள் எல்லோரும் அரைத் தகுதிக்காரர்கள் ஆகிவிடுவோம். உங்கள் முத்திரையும் துணைவேந்தர் கையெழுத்தும் உள்ள பட்டத்தை உங்கள் விதியே சந்தேகப்படுவது எங்களைவிட உங்களுக்குத்தான் அவமானம்.

இந்த வரிக்குப் பின்னால் வேறொரு கவலை இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். சுற்றறிக்கையில் எழுதவில்லை, ஆனால் துறைகளில் பேசுகிறார்கள். என் வகுப்புத் தோழி ஒருத்தி என் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறாள்: "உங்களுக்கு ஐ.டி. இருக்கு, பேங்க் எக்ஸாம் இருக்கு. எங்களுக்கு இருக்கிறதே இந்த ஒண்ணுதான். இதுலயும் நீங்க வந்து உக்காந்தா நாங்க எங்க போறது?" அவள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். பி.ஏ. தமிழ் அரசுக் கல்லூரியில். அந்தக் கேள்வி நியாயமானது. 'தரம்' என்ற சொல்லைவிட ஆயிரம் மடங்கு நேர்மையானது. அதற்குப் பதில் சொல்லாமல் இந்த மடலை முடிக்க எனக்கு உரிமை இல்லை.

என் பதில் இது. இருக்கும் இடங்களில் பி.ஏ., பி.லிட். தமிழ் படித்தவர்களுக்கே முதலிடம் கொடுங்கள். எங்களைக் கூடுதல் இடங்களில் சேருங்கள். இல்லையென்றால் அவர்களுடைய சேர்க்கை முடிந்த பிறகு நிரம்பாமல் இருக்கும் இடங்களில் சேருங்கள். அவர்களில் ஒருவர் இடத்தைக்கூட நாங்கள் எடுக்க வேண்டியதில்லை. எங்கள் வகுப்பிலேயே காலி நாற்காலிகள் இருந்தன என்பதை அங்கே பாடம் நடத்திய எவரும் மறுக்க மாட்டார்கள். அப்புறம், இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். இந்தத் 'தன் பாடம் மட்டும்' என்ற வேலி என் தோழியையும் விடவில்லை. அவளுக்குத் தொல்லியல் படிக்க ஆசை. கீழடி அகழாய்வு தொடங்கிய காலத்திலிருந்து செய்தித்தாள் துண்டுகளைச் சேர்த்து வைத்திருந்தவள். தமிழ் பிராமி எழுத்துகளைப் படித்துப் பழகியிருந்தாள். பானை ஓட்டில் கீறியிருக்கும் பெயர்களைச் சங்கப் பாடல்களில் வரும் பெயர்களோடு வைத்துப் பார்ப்பதில் அவளுக்கு இருந்த வேகம் எனக்கு வரவே வராது. வேறொரு கல்லூரியில் முதுகலைத் தொல்லியலுக்குப் போனபோது இளநிலையில் வரலாறு முதன்மைப் பாடமா என்று கேட்டார்கள். தமிழ் என்றாள். முடியாது என்றார்கள். அவளுக்கு வேறு வழியில்லாமல் போனதற்குக் காரணம் நான் அல்ல. நீங்கள் இப்போது எழுதியிருப்பது போன்ற ஒரு வரி. இந்தப் பக்கம் பொறியாளர் தமிழுக்கு வரக் கூடாது, அந்தப் பக்கம் தமிழ் படித்தவர் தொல்லியலுக்கோ மொழியியலுக்கோ போகக் கூடாது என்றால் இதில் லாபம் யாருக்கு?

தேசியக் கல்விக் கொள்கை வழியாக வரும் மாற்றங்களுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று இன்னொரு வாதமும் கேட்டேன். 2024 ஜூனில் மானியக் குழு வெளியிட்ட முதுநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பு, தேசிய அளவிலோ பல்கலைக்கழக அளவிலோ நுழைவுத் தேர்வில் தேறினால் இளநிலைப் பாடம் எதுவாக இருந்தாலும் முதுநிலையில் வேறு பாடம் எடுக்கலாம் என்கிறது. அது டெல்லியிலிருந்து வந்தது என்பதற்காக எதிர்ப்பக்கம் போய் நிற்க வேண்டுமா? உங்கள் பழைய விதி அதைவிடத் தாராளமாக இருந்தது. நுழைவுத் தேர்வுகூடக் கேட்கவில்லை. மற்றவர்கள் இப்போதுதான் வந்து சேரும் இடத்தில் ஏற்கெனவே இருந்துவிட்டு, அங்கிருந்து நாம் பின்னால் போவது என்ன கணக்கு? தேசியத் தேர்வு முகமையின் தேர்வை இங்கே கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவே இல்லை. தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வையே சட்டம் போட்டு நீக்கிய மாநிலம் இது. நுழைவுத் தேர்வு வந்தால் பின்னாலேயே பயிற்சி மையம் வரும், பிறகு பணம் உள்ளவர்தான் உள்ளே வருவார். எனக்கு அது வேண்டாம்.

நுழைவுத் தேர்வு இல்லாமலேயே செய்ய வழி இருக்கிறது. பிற பட்டத்தவரைச் சேர்ப்பது இதே நாட்டில் நடந்துகொண்டும் இருக்கிறது. எம்.சி.ஏ. படிப்பு 2020-21இல் இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டபோது, கணினி படிக்காமல் வருபவர்களுக்கு இணைப்புப் பாடங்கள் நடத்திச் சேர்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். கணக்கு தெரிந்தால் போதும். மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்தப் பட்டமும் போதும். விலங்கியல் படித்தவர் உயர் நீதிமன்றத்தில் வாதாடுவதை யாரும் கிராஸ் மேஜர் என்று சொல்வதில்லை. எம்.பி.ஏ., சமூகப் பணி, இதழியல், நூலக அறிவியல் எல்லாவற்றிலும் இப்படித்தான். இந்தத் துறைகளின் தரம் போய்விட்டதாக உங்கள் கல்விக்குழுவில் யாராவது இதுவரை தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார்களா? உங்கள் இளநிலைப் பாடத்திட்டத்திலேயே பகுதி நான்கில் முதன்மைப் பாடம் அல்லாத விருப்பப் பாடம் என்று ஒன்றை வைத்து, மாணவர்கள் பிற துறையையும் அறிய வேண்டும் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு கிரெடிட் அளவுக்கு அறியலாம், இரண்டு ஆண்டு அளவுக்கு அறியக் கூடாது என்பது எனக்கு விளங்கவில்லை.

இனி உங்களிடம் கேட்பவை.

முதலில், இந்த ஆண்டுச் சேர்க்கை முடிவதற்குள் அந்தப் புதிய வரியை நிறுத்தி வைத்துப் பழைய தகுதியையே தொடருங்கள். தள்ளுபடி செய்த விண்ணப்பங்களைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். விண்ணப்பக் கட்டணம் வாங்கிக்கொண்ட பிறகு விதியை மாற்றியதாக மாணவர்கள் சொல்கிறார்கள். அது உண்மையானால் குறைந்தது அவர்களுக்காவது பழைய விதிதான் பொருந்த வேண்டும்.

தரத்தைப் பற்றிய உங்கள் கவலைக்கு முதல் பருவத்திலேயே இரண்டு இணைப்புத் தாள்கள் வையுங்கள். ஒன்று எழுத்து, சொல், யாப்பு அடிப்படை. இன்னொன்று இலக்கிய வரலாறு. பிற பட்டத்திலிருந்து வருபவர்களுக்கு அவை கட்டாயம். மொத்த மதிப்பெண்ணில் சேர வேண்டாம், மூன்றாம் பருவத்துக்குள் தேறியே ஆக வேண்டும் என்று வையுங்கள். தேறாதவர்கள் மேலே போக வேண்டாம். எங்கள் துறையில் ஓர் ஆசிரியர் சம்பளம் இல்லாமல் சனிக்கிழமைகளில் செய்ததைப் பல்கலைக்கழகம் சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டும் என்பதுதான் இதன் பொருள். பாட வேளைக் கணக்கில் அதைச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் அது கௌரவ விரிவுரையாளர் ஒருவர் தலையில் இலவசமாக விழும்.

இடங்களைப் பொறுத்தவரை மேலே சொன்னதுதான்: பி.ஏ., பி.லிட். தமிழ் படித்தவர்களுக்கு முன்னுரிமை, மற்றவர்களுக்குக் கூடுதல் இடமோ நிரம்பாத இடமோ. எந்த வகை இடமாக இருந்தாலும் இனவாரி இடஒதுக்கீடு அதற்கும் பொருந்த வேண்டும். கூடுதல் இடம் என்ற பெயரில் முன்னேறியவர்கள் மட்டும் நுழையும் பின்வழியாக அது ஆகிவிடக் கூடாது.

உங்களிடம் எம்.ஏ. பட்டம் பெற்றவர் முனைவர் பட்டப் பதிவுக்கும் உங்கள் இணைவுக் கல்லூரிகளின் ஆசிரியர் பணிக்கும் வரும்போது அவருடைய இளநிலைப் பாடத்தைக் காரணம் காட்டித் தள்ளக் கூடாது என்று எல்லாக் கல்லூரிகளுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ஆசிரியர் பணிக்கு மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறையையும், ஆய்வுக்கு அதன் 2022 முனைவர் பட்ட ஒழுங்குமுறையையும் மேற்கோள் காட்டினாலே போதும். முதுநிலைப் பட்டத்தோடு வருபவரிடம் இரண்டுமே இளநிலைப் பாடத்தைக் கேட்கவில்லை. இதுவரை இப்படிப் படித்து முடித்தவர்களுக்கும் அது பொருந்தும் என்று அதிலேயே ஒரு வரி வேண்டும்.

தமிழுக்கு மட்டும் இதைச் செய்துவிட்டு நிறுத்தாதீர்கள். வரலாறு, தொல்லியல், மொழியியல், பொருளியல் ஆகிய துறைகளின் பாடத்திட்டக் குழுக்களிடமும், தமிழ் உட்படப் பிற பட்டம் பெற்றவர்களை எந்த இணைப்புத் தாள்களோடு சேர்க்கலாம் என்று அடுத்த கல்வியாண்டுக்கு முன்னால் எழுத்துப்பூர்வமாகக் கருத்துக் கேளுங்கள். முடியாது என்று ஒரு துறை சொன்னால், ஏன் முடியாது என்பதையும் அது எழுதட்டும்.

கடைசியாக, இந்த வரியை மாற்றிய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைப் பல்கலைக்கழக இணையதளத்தில் வெளியிடுங்கள். யார் முன்மொழிந்தார்கள், பிற பட்டத்திலிருந்து வந்தவர்களின் தேர்ச்சி விவரத்தை யாராவது எடுத்துப் பார்த்தார்களா, மாற்றுக் கருத்து ஏதும் பதிவானதா என்பது எங்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் மதிப்பெண்கள் எல்லாம் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில்தான் இருக்கின்றன. சேர்க்கையின் இறுதி நாளுக்கு முன்பு அவற்றை எடுத்துப் பார்த்து, பதிலை எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பல்கலைக்கழகத்தில் முதுகலைத் தமிழ் படித்த ஒரு பொறியியல் பட்டதாரி